தேர்த்துகளின் எண்: 22 இலக்கங்களைத் தாளும் பேனாவும் கொண்டு பிரித்தறியும் முறை

ஆனித் தேரோட்டத்தன்று நெல்லையப்பர் தேர் வடம் பிடித்து நகரும்போது ரத வீதியின் ஓரத்தில் நின்றவர்களுக்குத் தேர்த்துகள் என்றால் என்னவென்று விளக்க வேண்டியதில்லை. வீட்டுக்குப் போய் முகம் கழுவும்போது அது தானாகவே தெரியும். ஒன்றுக்குக் கீழ்ப்பட்ட பின்னங்களாகிய பழந்தமிழ்க் கீழ்வாய் எண்களின் பட்டியலும் அந்தத் துகளில்தான் போய் முடிகிறது. ஒன்றை 320 கூறாக்கினால் ஒரு கூறு முந்திரி. அந்த முந்திரியை மறுபடி 320 கூறாக்கினால் கீழ்முந்திரி. அதற்குக் கீழே இம்மி, மும்மி, அணு என்று இறங்கிக்கொண்டே போகும் பட்டியலில், கடைசிப் படியாகிய தேர்த்துகள் என்பது ஒன்றைப் பின்வரும் எண்ணால் வகுத்தால் கிடைக்கும் அளவு என்று இன்று பரவலாக அச்சாகி வருகிறது:

2323824530227200000000

பாளையங்கோட்டையில் மாலை வேளைகளில் என்னிடம் கணக்குப் படிக்க வரும் பிள்ளைகளுக்குப் பெரிய எண்களைப் பழக்க நான் எடுத்துக்கொள்வது இந்த எண்ணைத்தான். இதன் குணங்களை ஒவ்வொன்றாகக் கண்டுபிடிக்கும் வழியைக் கீழே எழுதியிருக்கிறேன். ஏழாம் வகுப்பு வகுத்தல் தெரிந்தால் போதும்; கைப்பேசி வேண்டாம். கைப்பேசிக் கணிப்பானில் இதை இட்டால் பெரும்பாலும் புள்ளியும் அடுக்குமாகச் சுருக்கிக் காட்டிவிடும், அதைப் பார்த்து ஒன்றும் கற்றுக்கொள்ள முடியாது.

எண்ணைச் சரியாக எழுதிக்கொள்ளுதல்

முதல் வேலை இலக்கங்களை எண்ணுவது. இது அற்பமாகத் தோன்றும், ஆனால் பெரிய எண்களில் நேரும் பிழைகளில் பாதி இந்த இடத்தில்தான் நேர்கின்றன என்பது என் அனுபவம். ஒருமுறை நானே இந்த எண்ணைக் கரும்பலகையில் எழுதி, எல்லாச் சோதனைகளையும் செய்து காட்டி, எல்லாம் சரியாக வந்த பெருமையில் திரும்பியபோது, ஒன்பதாம் வகுப்புப் படிக்கும் பிள்ளை ஒருத்தி எழுந்து, “சார், இருபத்தொண்ணுதான் வருது. ஒரு சைபர முழுங்கிட்டீங்க” என்றாள். கடைசிப் பூஜ்யங்கள் எட்டு இருக்க வேண்டும், ஏழுதான் போட்டிருந்தேன். நான் செய்து காட்டிய சோதனைகளில் ஒன்றுகூட அந்தப் பிழையைக் காட்டிக்கொடுக்கவில்லை. ஏன் காட்டவில்லை என்பதைப் பின்னர் சொல்கிறேன்.

எண்ணுவதற்கு வசதியாக நம் வழக்கப்படி வலமிருந்து முதலில் மூன்று இலக்கங்களையும் பிறகு இரண்டிரண்டாகவும் பிரித்தால் 2,32,38,24,53,02,27,20,00,00,000 என்று வரும். இதை வாயால் சொல்ல வேண்டுமானால் கோடியை அலகாகக் கொள்வது எளிது: கடைசி 14 இலக்கங்களை ஒதுக்கி வைத்தால் முன்னால் நிற்பது 2,32,38,245. ஆகவே இந்த எண் இரண்டு கோடியே முப்பத்திரண்டு லட்சத்து முப்பத்தெட்டாயிரத்து இருநூற்று நாற்பத்தைந்து கோடி கோடிக்குச் சற்று மேற்பட்டது.

வெளிப்பார்வையில் தெரிவன

எட்டுப் பூஜ்யங்களில் முடிவதால் பத்தின் எட்டாம் அடுக்கு இதை மீதியின்றி வகுக்கும் என்பது பார்த்தவுடனே தெரிகிறது. இலக்கங்களைக் கூட்டினால் 45; ஆகவே 9 வகுக்கும். இந்த இரண்டும் பள்ளிப் பாடம்.

பள்ளியில் அவ்வளவாகச் சொல்லித் தராத மூன்றாவது சோதனைதான் எனக்கு மிகவும் பிடித்தது. 7, 11, 13 ஆகிய மூன்றையும் பெருக்கினால் 1001 வரும். ஆயிரம் என்பது 1001-க்கு ஒன்று குறைவு. ஆகவே 1001-ஆல் வகுக்கும்போது ஆயிரம் என்பது −1 போலவே நடந்துகொள்ளும். எண்ணை வலமிருந்து மும்மூன்று இலக்கங்களாகப் பிரித்து, தொகுதிகளை மாற்றி மாற்றிக் கூட்டிக் கழித்தால் கிடைக்கும் விடையை 7, 11, 13-ஆல் வகுத்துப் பார்ப்பதும் முழு எண்ணையே வகுத்துப் பார்ப்பதும் ஒன்றுதான். நம் எண்ணின் தொகுதிகள் இவை:

2 | 323 | 824 | 530 | 227 | 200 | 000 | 000

வலக்கோடியிலிருந்து தொடங்கினால்: 0 − 0 + 200 − 227 + 530 − 824 + 323 − 2 = 0.

சுத்தமாகப் பூஜ்யம். ஆகவே 7, 11, 13 மூன்றுமே இந்த எண்ணை வகுக்கின்றன. 22 இலக்க எண் ஒன்றை மூன்று பகா எண்கள் வகுக்கின்றன என்பதை அரை நிமிடத்தில் அறிய இதைவிடச் சுருக்கமான வழியை நான் கண்டதில்லை.

இதே சோதனை படியெடுப்பில் நேரும் பிழையையும் பிடிக்கும். 824 என்பதை யாராவது 842 என்று மாற்றி எழுதிவிட்டால் இலக்கக் கூட்டல் அப்போதும் 45தான் வரும், ஒன்பதின் சோதனை ஏமாந்துபோகும். ஆனால் மேலே செய்த கூட்டல் கழித்தலில் −18 வந்துவிடும், 18 என்பதை 7, 11, 13 எதுவும் வகுக்காது. ஆனால் கடைசியில் ஒரு பூஜ்யம் விட்டுப்போனால் எண் பத்தில் ஒரு பங்காகிறதே தவிர, 3, 7, 11, 13 ஆகிய காரணிகள் அதில் அப்படியே இருக்கும். அன்று கரும்பலகையில் என் சோதனைகள் என்னைக் காப்பாற்றாதது இதனால்தான். பூஜ்யங்களைப் பொறுத்தவரை விரல்விட்டு எண்ணுவதைத் தவிர வேறு சோதனை இல்லை.

பகாக் காரணிகளாக உரித்தெடுத்தல்

இனி உள்ளே போகலாம். எட்டுப் பூஜ்யங்களை நீக்கி, 2-இன் எட்டாம் அடுக்கையும் 5-இன் எட்டாம் அடுக்கையும் தனியே குறித்துவைத்துக்கொண்டால், மிஞ்சுவது 23238245302272. இது 5-இலோ 0-விலோ முடியாததால் 5 இனி வராது. இரட்டை எண்ணாக இருக்கும்வரை இதைப் பாதியாக்கிக்கொண்டே போக வேண்டும்: 11619122651136, 5809561325568, 2904780662784, 1452390331392 என்று இறங்கி, பதினான்காவது முறை பாதியாக்கும்போது 1418349933 என்ற ஒற்றை எண் வரும். பதினான்கு வரிகளையும் ஒன்றின் கீழ் ஒன்றாக, இலக்கங்கள் நேராக நிற்கும்படி எழுதிச் செய்யுங்கள்; மனத்தில் செய்தால் எத்தனை முறை பாதியாக்கினோம் என்பது தவறிவிடும். அந்த எண்ணிக்கைதான் நமக்கு வேண்டியது. முன்பு குறித்த எட்டுடன் இந்தப் பதினான்கும் சேர, 2-இன் அடுக்கு 22 ஆகிறது.

1418349933-இன் இலக்கக் கூட்டல் மறுபடியும் 45. ஒன்பதால் வகுத்தால் 157594437. அதன் கூட்டலும் 45. மீண்டும் ஒன்பதால் வகுத்தால் 17510493. இதன் கூட்டல் 30, ஆகவே இம்முறை மூன்றால் மட்டும் வகுக்கலாம். கிடைப்பது 5836831. இதன் கூட்டல் 34 என்பதால் மூன்றின் வேலை முடிந்தது. அதன் அடுக்கு 5.

இப்போது 5836831-ஐ மும்மூன்றாகப் பிரித்துப் பாருங்கள்: 831 − 836 + 5 = 0. 1001-ஆல் வகுத்தால் ஈவு 5831. இதை ஏழால் வகுத்தால் 833, மறுபடி ஏழால் வகுத்தால் 119, மறுபடியும் ஏழால் வகுத்தால் 17. அத்துடன் எண் முழுவதும் உரிந்துவிட்டது. எல்லாவற்றையும் சேர்த்து எழுதினால்:

2²² × 3⁵ × 5⁸ × 7⁴ × 11 × 13 × 17

முதல் ஏழு பகா எண்களும் ஒன்றுவிடாமல் வரிசையாக வந்து நிற்கின்றன. இத்தனை பெரிய எண்ணில் 17-க்கு மேற்பட்ட பகா எண் ஒன்றுகூட இல்லை. தற்செயலாக எடுத்த 22 இலக்க எண் எதுவும் இவ்வளவு மென்மையாக உடையும் என்று எதிர்பார்க்க முடியாது. சிறுசிறு எண்களைப் பெருக்கிப் பெருக்கிக் கட்டப்பட்ட எண் இது என்பதை இந்த உடைப்பே சொல்லிவிடுகிறது.

பட்டியலோடு ஒத்துப் பார்த்தல்

உரித்துக் கண்டதைக் கட்டிய விதத்தோடு ஒப்பிடுவது நல்ல சோதனை. பட்டியலில் ஒவ்வொரு படியும் அடுத்த படியைப் போல் எத்தனை மடங்கு என்று பார்த்தால், ஒரு கீழ்முந்திரிக்கு 21 இம்மி, ஓர் இம்மிக்கு 11 மும்மி, ஒரு மும்மிக்கு 7 அணு, ஓர் அணுவுக்கு 9 குணம், ஒரு குணத்துக்கு 5 பந்தம், ஒரு பந்தத்துக்கு 6 பாகம், ஒரு பாகத்துக்கு 7 விந்தம், ஒரு விந்தத்துக்கு 17 நாகவிந்தம், அதற்கு 14 சிந்தை, அதற்கு 20 கதிர்முனை, அதற்கு 40 குரல்வளைப்படி, அதற்கு 60 வெள்ளம், அதற்கு 100 நுண்மணல், கடைசியாக ஒரு நுண்மணலுக்கு ஆறரைத் தேர்த்துகள் என்று அமைகிறது. 17 எங்கிருந்து வந்தது என்பது நாகவிந்தத்தில் தெரிகிறது. 11 மும்மியில் தெரிகிறது. நான்கு ஏழுகளையும் தேடினால் 21, 7, 7, 14 ஆகிய நான்கு இடங்களில் ஒவ்வொன்றாக அகப்படும்.

கண்ணை உறுத்துவது அந்த ஆறரை. மற்ற படிகளெல்லாம் முழு எண்களாக இருக்க, கடைசிப் படி மட்டும் 13/2. அந்தப் பின்னம்தான் வேறெங்கும் இல்லாத 13-ஐ உள்ளே கொண்டுவந்து, அதுவரை 23 ஆக இருந்த 2-இன் அடுக்கை ஒன்று குறைத்து 22 ஆக்குகிறது. நுண்மணலுடன் பட்டியல் நின்றிருந்தால் முதல் ஏழு பகா எண்களில் 13 மட்டும் விடுபட்டிருக்கும்.

இன்னொரு பயனும் உண்டு. இம்மிக்குச் சில பட்டியல்களில் 1/10,75,200 என்றும் வேறு சிலவற்றில் 1/21,50,400 என்றும் காணலாம். கீழ்முந்திரியின் 1,02,400-ஐ 21-ஆல் பெருக்கினால் வருவது 21,50,400தான். முதலாவதை ஏற்றால் கீழ்முந்திரிக்குப் பத்தரை இம்மி என்றும், இம்மிக்கு 22 மும்மி என்றும் ஆகிவிடும். இரண்டு வழியிலும் மும்மி 1/2,36,54,400 என்றே வருவதால் கீழே உள்ள படிகள் எதுவும் மாறுவதில்லை. ஆனாலும், இம்மி பிசகாமல் கணக்குச் சொல்வதாகப் பெருமை பேசும் நாம் இம்மியிலேயே பிசகி நிற்பது எனக்குச் சிரிப்பை வரவழைக்கும். நான் 21-ஐயே வைத்துக்கொள்கிறேன். நீட்டல் அளவையிலும் தேர்த்துகள், நுண்மணல் என்ற பெயர்கள் வருகின்றன. அங்கே படிகள் எட்டெட்டாக ஏறும், அதாவது எல்லாமே 2-இன் அடுக்குகள். பெயர் ஒன்றாக இருப்பதால் அந்த வாய்பாட்டை இதனோடு கலந்துவிடக் கூடாது.

அடுக்குகளிலிருந்து கிடைப்பவை

பகாக் காரணிகளும் அவற்றின் அடுக்குகளும் கைக்கு வந்துவிட்டால், அதன் பிறகு எண்ணையே பார்க்க வேண்டியதில்லை. எத்தனை வகுத்திகள் என்று கேட்டால்: ஒரு வகுத்தியை உருவாக்க 2-இன் அடுக்கை 0 முதல் 22 வரை 23 விதமாகவும், 3-இன் அடுக்கை 6 விதமாகவும், 5-இன் அடுக்கை 9 விதமாகவும், 7-இன் அடுக்கை 5 விதமாகவும், எஞ்சிய மூன்றையும் எடுப்பது விடுவது என்று இரண்டிரண்டு விதமாகவும் தேர்ந்துகொள்ளலாம். 23 × 6 × 9 × 5 × 2 × 2 × 2 = 49,680. இவற்றில் ஒற்றை எண்களை மட்டும் கேட்டால் 23-ஐ விட்டுவிட்டுப் பெருக்க வேண்டும்: 2,160. 1 முதல் 18 வரை எல்லா எண்களும் இந்த 49,680-க்குள் அடக்கம். 19தான் இந்த எண்ணை வகுக்காத முதல் எண்.

முழு வர்க்கமா என்றால் இல்லை, ஏனெனில் 3, 11, 13, 17 ஆகிய நான்கின் அடுக்குகள் ஒற்றையாக நிற்கின்றன. அந்த நான்கையும் பெருக்கினால் 7293. ஆகவே நம் எண் என்பது 56,44,80,000-இன் வர்க்கத்தை 7293-ஆல் பெருக்கியது. இன்னொரு 7293-ஆல் பெருக்கினால் முழு வர்க்கமாகிவிடும், அதைவிடச் சிறிய எதனாலும் ஆகாது. நான்கால் வகுத்தால் மீதி மூன்று வரும் பகா எண்களாகிய 3, 11 ஆகியவற்றின் அடுக்கு ஒற்றையாக இருப்பதால், இதை இரண்டு வர்க்கங்களின் கூட்டலாகவும் எழுத முடியாது.

எல்லா வகுத்திகளையும் கூட்டினால் எண்ணைப் போல் சுமார் 5.43 மடங்கு வரும். தன்னை நீக்கிய வகுத்திகளின் கூட்டல் தன்னைவிடப் பெரிதாக இருக்கும் எண்ணை மிகை எண் என்பார்கள். இது மிகையிலும் மிகை. இதனோடு பொதுக் காரணி இல்லாத எண்கள், அதாவது சார்பகா எண்கள், எத்தனை விழுக்காடு என்பதை அறிய ஒவ்வொரு பகா எண்ணுக்கும் ஒன்று குறைத்து வகுத்துப் பெருக்க வேண்டும்: 1/2 × 2/3 × 4/5 × 6/7 × 10/11 × 12/13 × 16/17 = 3072/17017. நூற்றுக்குச் சுமார் 18.

தசமத்தில் என்ன ஆகிறது என்பதைக் கொஞ்சம் நின்று பார்ப்பது நல்லது. முந்திரி 0.003125 என்றும், கீழ்முந்திரி 0.000009765625 என்றும் முடிந்துவிடும். 320-இலும் 1,02,400-இலும் 2, 5 தவிர வேறு காரணி இல்லை. இம்மிக்கு வந்ததும் 21 நுழைந்து 3-ஐயும் 7-ஐயும் கூட்டிவந்துவிடுகிறது, அங்கிருந்து எந்தப் படியும் தசமத்தில் முடிவதில்லை. தேர்த்துகளுக்குச் சுழல் நீளத்தை, அதாவது தசமத்தில் திரும்பத் திரும்ப வரும் தொடரில் எத்தனை இலக்கங்கள் என்பதைக் காண, 2, 5 தவிர்த்த ஒவ்வொரு பகா அடுக்குக்கும் தனித்தனியே சுழல் நீளத்தை எடுக்க வேண்டும்: 3⁵-க்கு 27, 7⁴-க்கு 2058, 11-க்கு 2, 13-க்கு 6, 17-க்கு 16. இவற்றின் மீச்சிறு பொது மடங்கு 1,48,176. அதாவது புள்ளிக்குப் பின் முதல் 22 இடங்கள் தனியாக நின்று, அதன் பிறகு 1,48,176 இலக்கங்கள் கொண்ட ஒரே தொடர் திரும்பத் திரும்ப வரும். இதில் 2058 எப்படி வந்தது என்று பிள்ளைகள் கேட்பதுண்டு. ஏழுக்குச் சுழல் நீளம் 6; 9,99,999-இல் ஏழு ஒரே ஒருமுறைதான் காரணியாக வருவதால், ஏழின் அடுக்கு ஒன்று ஏறும்போதெல்லாம் நீளம் ஏழு மடங்காகும்; 6 × 7 × 7 × 7 = 2058.

இப்படி மசியாத எண்

இதுவரை பார்த்தது நல்ல பிள்ளை. எல்லா எண்களும் இப்படிச் சொன்னபடி கேட்கும் என்று நினைத்துவிடாமலிருக்க, திருநெல்வேலி சந்திப்புப் பகுதிக்கு எழுதும் கடிதத்தின் மேலுறையில் நாம் இடும் 627001-ஐ எடுத்துக்கொள்ளுங்கள். ஆறே இலக்கங்கள். ஆனால் 22 இலக்க எண்ணைவிட இதற்கு எனக்கு அதிக நேரம் பிடித்தது.

ஒரு எண்ணின் காரணியைத் தேட அதன் வர்க்கமூலம்வரை உள்ள பகா எண்களால் வகுத்துப் பார்த்தால் போதும், ஏனெனில் அதற்கு மேல் ஒரு காரணி இருந்தால் அதற்கு இணையான இன்னொன்று கீழே இருந்தாக வேண்டும். 627001-இன் வர்க்கமூலம் 791-க்குச் சற்று மேல்; அதுவரை 138 பகா எண்கள் இருக்கின்றன. இங்கே ஒரு குறுக்குவழி கிடைக்கிறது: 627 என்பது 3 × 11 × 19, ஆகவே 627000 என்பதை 2, 3, 5, 11, 19 ஆகிய ஐந்தும் வகுக்கும், 627001-இல் அந்த ஐந்துக்கும் மீதி 1 வரும். ஐந்து வகுத்தல்கள் மிச்சம். மும்மூன்றாகப் பிரித்தால் 1 − 627 = −626; இதை 7-ஓ 13-ஓ வகுக்காது. மீதமுள்ளவற்றுக்கு 17, 23, 29, 31 என்று ஒவ்வொன்றாக வகுத்துப் பார்ப்பதைத் தவிர வழியில்லை. 37-இல் மீதி 36, அதாவது ஒன்று கூடுதலாக இருந்திருந்தால் வகுபட்டிருக்கும். இப்படி ஆசை காட்டி ஏமாற்றும் இடங்கள் இந்த வேலையில் உண்டு. 67-இலும் மீதி 15 நின்றது. இருபதாவது பகா எண்ணாகிய 71-க்கு வந்தபோதுதான் மீதியின்றி வகுபட்டு 8831 கிடைத்தது.

8831-ஐ மறுபடி 2-இலிருந்து தொடங்கிச் சோதிக்க வேண்டாம். அதற்கு ஒரு சிறு காரணி இருந்தால் அது 627001-க்கும் காரணியாக இருந்து முன்பே அகப்பட்டிருக்கும். 71-இலிருந்து 8831-இன் வர்க்கமூலமாகிய 93 சொச்சம்வரை பார்த்தால் போதும். 71-க்கு மீதி 27, 73-க்கு 71, 79-க்கு 62, 83-க்கு 33, 89-க்கு 20. அடுத்த பகா எண் 97. அதன் வர்க்கம் 9409, 8831-ஐத் தாண்டிவிட்டது. ஆகவே 8831 பகா எண். தேர்த்துகளின் எண்ணுக்கு 49,680 வகுத்திகள் இருக்க, சந்திப்பின் அஞ்சல் எண்ணுக்கு 1, 71, 8831, 627001 ஆகிய நான்குதான்.